தாமஸ் குக்கும் ஒரு ஷில்லிங் ரயிலும்

நாடு காண்பதும் நகர் காண்பதும் நெடுங்காலம் செல்வருக்கே உரிய பாக்கியமாக இருந்தன. பல்லக்கும் குதிரையும் கோச்சு வண்டியும் உடையவன் உலகம் பார்த்தான். மற்றவன் கால் கடுக்க நடந்தான், அல்லது பிறந்த ஊரிலேயே கிடந்து மடிந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் தாமஸ் குக். அவர் தண்டவாளம் போட்டவருமல்லர், இஞ்சின் செய்தவருமல்லர். பிறருடைய வண்டிகளிலும் கப்பல்களிலும் ஏழைக்கு இடம் வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவர். பொதுக் காரியத்தில் ஈடுபட்ட நம்மவர் அவருடைய சரித்திரத்தை அறிதல் நலமெனக் கருதி, அதனைச் சுருக்கி இங்கே எழுதுகிறோம்.

1808-ஆம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி டெர்பிஷயரில் மெல்போர்ன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்தார். பத்தாவது வயதில் பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்குப் போனார். பின்னர் தச்சுத் தொழில் பயின்றார். 1828-இல் பாப்டிஸ்ட் சபையின் கிராமப் பிரசாரகரானார். 1829-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இரண்டாயிரம் மைலுக்கு மேல் அவர் கால்நடையாகவே சென்றார். வாகனமில்லாதவன் படும் சிரமத்தை அவருடைய பாதங்களே அவருக்குக் கற்பித்தன எனலாம்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களை மதுப்பேய் சூறையாடிக் கொண்டிருந்தது. குக் மதுவிலக்கு விரதம் பூண்டு, அதற்கெனத் துண்டுப் பிரசுரங்களும் பத்திரிகைகளும் அச்சிட்டார். 1841 ஜூன் மாதத்தில், மதுவிலக்குக் கூட்டத்திற்காக லெஸ்டர் நகரை நோக்கி நடந்து செல்லுகையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. புதிதாய் வந்துள்ள ரயிலை இந்தக் காரியத்துக்கு ஏன் உபயோகிக்கலாகாது? ரயில்வே கம்பெனியாருடன் பேசி முடித்தார். அவ்வாண்டு ஜூலை 5-ந் தேதி சுமார் ஐந்நூறு பேர், தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம், லெஸ்டரிலிருந்து பன்னிரண்டு மைல் தூரமுள்ள லஃப்பரோவுக்குச் சென்று திரும்பினர். கூரையில்லாத திறந்த வண்டிகள். ஆயினும் வாத்திய கோஷ்டி முழங்க, ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. இத்தகைய உல்லாச ரயில்கள் அதற்கு முன்பும் விடப்பட்டதுண்டு. ஆனால் அதை ஒரு முறையாக வகுத்து, இடைவிடாமல் நடத்திக் காட்டிய பெருமை குக்கினுடையது.

அம்முறை மிக எளியது. பலரை ஒன்று சேர்த்து, அவர்களுக்காகக் கம்பெனியாரிடம் மொத்தமாகப் பேரம் பேசினால் கட்டணம் குறையும். கட்டணம் குறைந்தால் இன்னும் பலர் வருவர். தனி மனிதனுக்குத் திறவாத கதவு கூட்டத்துக்குத் திறக்கும் என்னும் உண்மையே அதன் மூலதனம்.

1846-இல் அவர் சுமார் 350 பேரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அவ்விரு நாடுகளையும் இணைக்கும் ரயில் பாதை அப்பொழுது இல்லை. ஆகையால் ஃப்ளீட்வுட் வரை ரயில், அங்கிருந்து ஆர்ட்ரோசன் வரை நீராவிக் கப்பல், மீண்டும் ரயில் என ஏற்பாடாயிற்று. கப்பலில் அறைகள் போதாமல் பலர் மேல்தளத்தில் மழையில் நனைந்தனர். அவ்வருஷமே குக் இன்சால்வெண்ட் ஆனார். ஆயினும் அவர் தொழிலைக் கைவிட்டாரில்லை. 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்குச் சுமார் 1,50,000 பேரை ரயிலேற்றிக் கொண்டு சேர்த்தார். நம்மூர்ச் சீட்டுப் போலச் சங்கம் அமைத்து, வாரந்தோறும் சிறு தொகை கட்டிப் பயணச் செலவைச் சேர்த்த ஆலைத் தொழிலாளர் அவர்களுள் பலர்.

1862-இல் ஸ்காட்லாந்து ரயில்வே கம்பெனிகள் சலுகைக் கட்டணத்தை மறுத்தன. அவர் அடுத்த ஆண்டே ஸ்விட்ஜர்லாந்துக்கு வழி திறந்தார். அங்கே ரயில் ஓயும் இடத்தில் குதிரை வண்டியும், வண்டி ஓயும் மலைவழியில் கோவேறு கழுதையும், ஏரிகளில் நீராவிப் படகும் பயணிகளைச் சுமந்தன. 1869-இல் நைல் நதியில் இரண்டு நீராவிப் படகுகளை வாடகைக்கு அமர்த்தினார். அதே ஆண்டில் சூயஸ் கால்வாயும் அமெரிக்காவின் கடலுக்குக் கடல் ரயில் பாதையும் திறக்கப்பட்டன. 1870-இல் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன. இம்மூன்றும் கூடியதால் 1872-இல் அவர் ஒரு சிறு கோஷ்டியுடன் புறப்பட்டு, அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து வழியாக 222 நாட்களில் உலகைச் சுற்றி வந்தார்.

ஆனால் இச்சரித்திரத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. தந்தைக்குத் தர்மமும் தொழிலும் ஒன்று. மகன் ஜான் மேசன் குக்குக்குத் தொழில் தொழிலே. 1878-இல் பிணக்கு முற்றித் தந்தை விலகினார். அதன் பின்னர் ஸ்தாபனம் சாம்ராஜ்யத்தின் கைக்கருவியாயிற்று. பிரிட்டிஷார் 1882-இல் எகிப்தை ஆக்கிரமித்தனர். 1884-இல் சூடான் படையெடுப்புக்கு ஆயிரக்கணக்கான சிப்பாய்களை நைல் வழியே கொண்டு சென்ற ஒப்பந்தம் குக் கம்பெனியுடையதே. 1886-இல் ஹஜ் யாத்திரிகர்களின் கப்பல் பிரயாண ஏற்பாட்டையும் இந்திய சர்க்கார் அக்கம்பெனியிடமே ஒப்படைத்தது. உல்லாசப் பயணியை ஏற்றிய நதியே சிப்பாயையும் ஏற்றியது. வாகனத்துக்கு மனச்சாட்சி இல்லை. அதை ஏவுவோனுக்குத்தான் அது வேண்டும்.

மகளையும் மனைவியையும் இழந்து, கண்பார்வையும் மங்கிய நிலையில், 1892 ஜூலை 18-ந் தேதி லெஸ்டரில் தாமஸ் குக் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் கம்பெனி பல கை மாறி, ஆகாய விமானங்களும் ஓட்டி, கடன் சுமை தாங்காமல் 2019 செப்டம்பர் 23-ந் தேதி வீழ்ந்தது. வெளிநாடுகளில் நின்று போன பிரிட்டிஷ் பயணிகள் சுமார் 1,50,000 பேரை அந்நாட்டு அரசாங்கமே விமானம் அமர்த்தி மீட்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் அத்தனை பேரையே கண்காட்சிக்குக் கொண்டு சேர்த்த பெயர் அது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? நம் தேசத்தில் 1853-இல் ரயில் வந்தது. பயணிகளால் வந்த வருமானத்தில் பெரும்பகுதியை மூன்றாம் வகுப்பு ஏழைகளே கொடுத்தனர். அவர்களே மந்தைகள் போல அடைக்கப்பட்டனர். காந்தியடிகள் தாமே அவ்வகுப்பில் பிரயாணம் செய்து, 1917-இல் அக்கொடுமையை எழுதி வெளியிட்டார். 1974-இல் மூன்றாம் வகுப்பென்னும் பெயர் போயிற்று; நெரிசல் போகவில்லை. 1982-இல் செல்வருக்காகச் சக்கரங்களின் மேல் ஓர் அரண்மனை ரயிலும் ஓடத் தொடங்கியது. அதை நாம் வெறுக்கவில்லை; அந்நிய நாட்டார் வந்து பொருள் செலவிடட்டும். ஆனால் அந்த வண்டிக்கும், முன்பதிவில்லாத பெட்டியில் ஒற்றைக் காலில் நிற்கும் யாத்திரிகனின் வண்டிக்கும் தண்டவாளம் ஒன்றே.

ஒரு தேசத்தின் வாகனங்களை அவற்றின் வேகத்தால் அளப்பது போதாது. கடைசிப் பெட்டியில் ஏறும் ஏழைக்கு அவை தரும் இடத்தால் அளக்க வேண்டும். அந்த இடம் கெஞ்சிக் கிடைப்பதன்று, கூடிக் கேட்டால் கிடைப்பது. ஊர்தோறும் சங்கம் வைத்துள்ள நம் தொண்டர்கள், ஒரு ஷில்லிங் டிக்கெட்டோடு தொடங்கிய அந்தத் தச்சரின் முறையைக் கைக்கொண்டு, அவருடைய மகன் மறந்த தர்மத்தையும் உடன் கொள்வாராக.