துப்பாக்கியைத் தொடுமுன்… கென்னத் ஆண்டர்சன்

இந்த ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மாணவர் பேரவை அறிவித்ததும், நண்பர்கள் ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். விசுவேசுவரய்யா ஒருவருக்கு, ஜி.டி. நாயுடு ஒருவருக்கு, சர் சி.வி. ராமன் இன்னொருவருக்கு. நான் எடுத்துக்கொண்டவர் ஒரு வேட்டைக்காரர். பாலிடெக்னிக் மலரில் வேட்டைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே! இவர் பகலில் நம்மைப் போன்றவர்கள் வேலைக்குப் போகத் துடிக்கும் ஒரு விமானத் தொழிற்சாலையில் இருந்தவர். அதுவும் திட்டமிடல் பிரிவில். அந்தத் திட்டமிடும் புத்தியைத்தான் அவர் காட்டுக்கும் கொண்டுபோனார் என்பது என் கருத்து. கல்வராயன் மலையைப் பார்த்தபடி வளர்ந்த நமக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிறப்பும் படிப்பும்

கென்னத் ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளுக்கு முன்பே இந்தியாவில் குடியேறிவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம். அப்பா ராணுவத்தினருக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தில் அதிகாரி. அவருக்கு நீர்ப்பறவை வேட்டையில் ஆசை. மகனுக்குக் காட்டுப் பைத்தியம் பிடித்தது அங்கிருந்துதான்.

பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மனம் ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டு இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். தபால் தந்தித் துறையில் சுமார் 15 ஆண்டுகள் வேலை. பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் மேலாளர். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார். லீவு கிடைத்தால் போதும், காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

எந்தக் காடு? நம்ம தமிழ்நாட்டுக் காடுதான். அன்றைய சேலம் ஜில்லாவின் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் பக்கம். நமக்கு வடக்கே ஜோலார்பேட்டையை ஒட்டிய ஏலகிரி மலையிலும் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்றைத் தேடி அலைந்த கதையை எழுதியிருக்கிறார். நம் கல்வராயன் மலைக்கு அவர் வந்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவர் நடந்த காடும் நம் காடும் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. மூங்கில் ஒன்று, கரடி ஒன்று, ஏப்ரல் மாத வெயிலும் ஒன்று.

மூட்டை கட்டும் கலை

அவருடைய துப்பாக்கி .405 வின்செஸ்டர். ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்க மேதை வடிவமைத்த 1895 மாடல். விசையைச் சுற்றியிருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே. குண்டின் எடை 300 கிரெயின், அதாவது 19.4 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 670 மீட்டர். முதலாண்டு இயற்பியலில் படித்த அரை எம் வி ஸ்கொயரைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 4,360 ஜூல் வரும். 60 கிலோ ஆள் ஏழு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் இறங்கும் ஆற்றல் அது. இவ்வளவையும் 19 கிராம் ஈயம் சுமந்து போகிறது!

ஆனால் அவர் புத்தகங்களைப் படித்தவனுக்குத் துப்பாக்கியைவிட அதற்கு முந்தைய ஆயத்தம்தான் மனதில் நிற்கும். இருட்டில் குறி பார்க்கத் துப்பாக்கிக் குழலோடு சேர்த்துப் பிடிக்கும் டார்ச்சு லைட்டு. அது காலை வாரினால் கையில் இன்னொன்று. மாற்றுப் பேட்டரி. குடிக்கத் தண்ணீர், விழித்திருக்கத் தேநீர், கடிக்கச் சப்பாத்தி. இருட்டோடு கலந்துபோகும் நிறத்தில் சட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். இரவு இரண்டு மணிக்கு, பத்தடிக்குள் புலி நிற்கும்போது, டார்ச்சு எரியவில்லை என்றால் கடைக்குப் போய் வாங்கி வரவா முடியும்?

அடுத்தது பரண். நம் மலையில் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் காவல் காக்கப் பரண் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேட்டைப் பரணுக்கு இன்னும் நுணுக்கம் வேண்டும். எந்த மரத்தில் கட்டுகிறோமோ அந்த மரத்து இலையால்தான் மறைக்க வேண்டும். வேற்று மரத்து இலை இருந்தால் புலி சந்தேகப்படும். இலை வாடினாலும் காட்டிக்கொடுக்கும். வெட்டிய கிளையின் வெள்ளைத் தழும்பு கீழிருந்து தெரியக் கூடாது. கயிறு கிறீச்சிடக் கூடாது. ஏறி உட்கார்ந்தபின் பொழுது விடியும்வரை அசையக் கூடாது. இரும முடியாது, கொசுவை அடிக்க முடியாது. நம்மில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேர வகுப்பில் ஆடாமல் உட்கார முடிகிறது?

பாடம் சொன்னவர்கள்

கருவிகளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வித்தையை வாங்க முடியாது. அதை ஆண்டர்சனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மலைமக்கள். அவர்களில் முக்கியமானவர் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா. பூசாரி இனத்தைச் சேர்ந்தவர், படிப்பறிவு இல்லாதவர், சர்க்கார் கணக்கில் திருட்டு வேட்டைக்காரர். ஆனால் காட்டைப் புத்தகம் போலப் படிக்கத் தெரிந்தவர்.

காலடித் தடம் சதுரமாகப் பரந்திருந்தால் ஆண்புலி, சற்று நீண்டு ஒடுங்கியிருந்தால் பெண்புலி. தடத்தின் விளிம்பு கூராக இருந்தால் புதிது, சரிந்திருந்தால் பழையது. கடமான் குரல் கொடுக்கிறதா, மரத்தின் மேல் குரங்கு எச்சரிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டால் புலி எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரிந்துவிடும். யானையும் கரடியும் வாடை பிடிப்பவை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நெருங்க வேண்டும். இதெல்லாம் எந்தத் துரைக்கும் தொப்பியோடு வந்துவிடாது. பைரா போன்றவர்களின் பின்னால் வருடக்கணக்காக நடந்து வாங்கிய அறிவு. புகழ் துரைக்குப் போனது உண்மைதான். ஆனால் பைராவின் பெயரை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஜவளகிரிப் புலி

அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 1954-இல் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு கொம்பன் யானையையும் பற்றியது. அதில் கும்மளாபுரம் சிறுத்தை வருகிறது. சுமார் 42 பேரைக் கொன்றது என்று எழுதுகிறார். அந்தி சாய்ந்தால் தெருவில் ஈ காக்கை இருக்காதாம். அதே புத்தகத்தில்தான் ஜவளகிரிப் பெண்புலியும் வருகிறது.

அந்தப் புலியின் ஜோடியை யாரோ சுட்டுவிட்டார்கள். ஜோடியைத் தேடிக் கத்திக்கொண்டு திரிந்த இதற்கும் குண்டடி பட்டது. ஆனால் சாகவில்லை. காயத்தோடு காட்டுக்குள் போயிற்று. அதன் பிறகுதான் அது மனிதரைப் பிடிக்க ஆரம்பித்தது. கடைசியில் அதை ஆண்டர்சன் முடித்தது எப்படித் தெரியுமா? துணை தேடி அது கத்தியபோது, இவர் ஆண்புலியைப் போலவே குரல் கொடுத்தார். அது நம்பி வந்தது. வந்த புலியைச் சுட்டார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வீரம் பொங்கவில்லை. நெஞ்சில் என்னவோ கனத்தது. அந்தக் கிராமங்களில் செத்தவர்களுக்காகவும் கனத்தது, அந்தப் புலிக்காகவும் கனத்தது.

இதில் முதல் குற்றவாளி யார்? அரைகுறையாகச் சுட்டுவிட்டு, பின்தொடர்ந்து போய் முடிக்காமல் வீட்டுக்குப் போனவன். ஆண்டர்சன் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: பல ஆட்கொல்லிகளின் உடம்பில் பழைய குண்டுக் காயம் இருந்தது, அல்லது முள்ளம்பன்றியின் முள் தைத்திருந்தது. காயம்பட்ட மிருகத்தால் மானையும் பன்றியையும் ஓடிப் பிடிக்க முடியாது. மெதுவாக நடப்பவன் மனிதன்தானே! சுட்டவன் ஒருவன், பலியானது விறகு பொறுக்கப் போன யாரோ ஒருத்தி. அதனால்தான் காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் போய் முடிப்பதை அவர் கடமையாக வைத்திருந்தார். வேட்டையிலேயே உயிருக்கு ஆபத்தான வேலை அதுதான்.

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவுகளின்படி அவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகள், 7 புலிகள். அதிகம் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு முக்கியமாகத் தெரியவில்லை.

கடைசி ஆண்டுகள்

வயது ஏற ஏற அவர் மனம் துப்பாக்கியிலிருந்து கேமராவுக்குத் திரும்பியது. சுட்டதைவிடக் காட்டைச் சும்மா சுற்றி வந்ததைப் பற்றித்தான் பிற்காலத்தில் ஆசையாக எழுதினார். காடு அழிவதைக் கண்ணெதிரே பார்த்தவர். 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 1,827 புலிகளே மிஞ்சியிருந்தன. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1974 ஆகஸ்ட் 30-ஆம் நாள் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார். அவருடைய காடுகளில் பெரும்பகுதி இன்று காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் புலிகள் 3,682 என்று மதிப்பிட்டார்கள். இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நம்ம மலைக்கு வருவோம்

இனி நான் சொல்ல வந்த விஷயம். வேட்டை காலம் முடிந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். கல்வராயன் மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் பிடித்த செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! கருமருந்தைக் குழலில் இடித்து, மேலே பால்ரஸ் குண்டையும் இரும்புத் துண்டையும் போட்டுச் சுடும் ரகம். உள்ளே சுருள்வரி கிடையாது, அதனால் குறி நிற்காது. மருந்து கொஞ்சம் கூடினால் குழலே வெடித்துச் சுட்டவன் கை போகும். பட்ட பன்றியும் கரடியும் உடனே சாகாது. காயத்தோடு ஓடும். ஜவளகிரிக் கதை அப்படித்தான் தொடங்கியது.

இன்னொன்று அவுட்டுக்காய். தீனிக்குள் வெடி வைத்துப் போடுவது. பன்றிக்கு வைத்ததைப் பசு கடித்து, வாய் சிதைந்து, தண்ணீர் கூடக் குடிக்க முடியாமல் நாள்கணக்கில் நிற்கும். மூன்றாவது, மோட்டார் கொட்டகையிலிருந்து கொக்கி போட்டு வயல் வேலிக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுப்பது. மின்னியல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முறையான சூரிய மின்வேலியில் ஒரு கருவி, விநாடிக்கு ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் அதிர்ச்சி கொடுக்கும், தொட்டவன் விலகிவிடலாம். நேரடி லைனில் மின்சாரம் விடாமல் ஓடும், தசை இறுகிக் கை கம்பியை விடாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரர் காலையில் பிணமாகக் கிடப்பார்.

இதில் நமக்கு என்ன? நிறைய இருக்கிறது. ஊரில் தெரிந்த ஒருவர் என்னிடம் ஒரு பைப்பைக் காட்டி, லேத்தில் உள்துளை கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று பைப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முடியாதுங்க மாமா என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார். மின்னியல் படிக்கும் நண்பனை, கரண்டு படிக்கிற பையன்தானே, வேலிக்கு ஒரு லைன் இழுத்துக் கொடு என்று அவன் சொந்தச் சித்தப்பாவே கேட்டிருக்கிறார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் புகுந்து மரவள்ளியைக் கிளறிப் போட்டால், அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷமே போச்சு. அந்த வலி உண்மை. அதற்கு வனத்துறையிடம் மனு எழுதிக் கொடுக்கலாம், 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து முறையான வேலி போட உதவலாம். இந்த வேலைக்கு நம் படிப்பு போதும்.

உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் 1959 இருக்கிறது. கரடி போன்ற முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி வேட்டைக்கு ஆண்டர்சன் எத்தனை ஆயத்தம் செய்தார் என்று பார்த்தோம். தன் வேலை அரைகுறையானால் பலியாகப் போவது தான் மட்டும் இல்லை, முகம் தெரியாத இன்னொருவரும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கு நாம் கடையும் போல்ட்டும், பற்றவைக்கும் இணைப்பும், இழுக்கும் ஒயரும் அப்படித்தான். யாரோ ஒருவர் அதை நம்பிக் கை வைக்கப் போகிறார்.

ஆகவே நண்பர்களே, டிப்ளமோ வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் நம்மிடம் யாராவது பைப்பை நீட்டினால், ஒயரை நீட்டினால், மரியாதையாக மறுப்போம். மறுத்த கையோடு, முறையான வேலி போட நாமே முதல் ஆளாய் நிற்போம்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்