கோ ஆட்டத்தைக் கடல் கடந்து பரப்பிய இவாமோத்தோ கவோரு

ஒரு கலையிற் சிறந்து புகழெய்தியோர் பலர். தாம் பெற்ற கலையைப் பிறநாட்டார்க்கும் வழங்கவேண்டுமென்று தம் பொருளனைத்தையும் ஈந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் யப்பான் தேசத்துக் கோ ஆட்ட வல்லுநராய் விளங்கிய இவாமோத்தோ கவோரு. எமது கல்லூரி மாணவர் சதுரங்கத்தை நன்கறிவர். கோ ஆட்டத்தை அறிந்தார் அவருள் அரியர். ஆதலின் அவ்வாட்டத்தின் இயல்பை முதற்கண் சிறிது கூறுவாம்.

கோ ஆடும் பலகையில் நெடுக்காகப் 19 கோடுகளும் குறுக்காகப் 19 கோடுகளும் வரையப்பட்டிருக்கும். அவை ஒன்றையொன்று வெட்டுமிடங்கள் 361. ஒருவர் கருங்கற்களையும் மற்றவர் வெண்கற்களையும் அவ்விடங்களில் மாறி மாறி வைப்பர். ஒருமுறை வைத்த கல் பின்னர் நகராது. பகைவர் கற்களால் முற்றாகச் சூழப்பட்டாலன்றி அது பலகையை விட்டு நீங்காது. ஈற்றில் எவர் மிகுதியான நிலத்தை வளைத்துள்ளாரோ அவரே வென்றவராவர். சதுரங்கத்திலே அரசன் அகப்பட்டவுடன் ஆட்டம் முற்றும். கோ ஆட்டத்திலோ பெரும்பாலும் இருவரும் நிலம் பெறுவர். ஒருவர் சற்றுக் கூடுதலாகப் பெறுவர், அவ்வளவே. சீனத்திற் பிறந்த இவ்வாட்டத்தை யப்பானியர் தமதாக்கி, பட்டங்களும் குருகுலங்களும் வகுத்து வளர்த்தனர். அக்குலங்களுள் முதன்மை பெற்றது ஹொனின்போ என்பது.

கவோரு 1902 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் நாள் சிமானே மாகாணத்து மசூதா என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிற் கொரியா நாட்டுப் பூசான் நகரில் வாழ்ந்து, 1913 இல் ஹிரோசே ஹெய்ஜிரோ என்பாரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1917 இல் தொழில் வல்லுநராயினார். பலகையெங்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்களை வைத்து, பின்னர் அவற்றை எதிர்பாராவகையில் இணைப்பது அவர் முறை. பயறு விதைப்பதுபோல் ஆடுகின்றார் என்று கண்டோர் அதற்குப் பெயரிட்டனர்.

1929 இல், தமது 27 ஆம் வயதில், அவர் ஒரு வியத்தகு முடிவு செய்தார். ஆட்டத்தைத் துறந்து, பிறேசில் நாட்டுக்குக் குடிபெயர்ந்து, கோப்பிப் பயிர்ச்செய்கையில் இறங்கினார். அவ்வாண்டிலேயே உலகச் சந்தையிற் கோப்பி விலை வீழ்ந்தது. 1931 இல் தாயகம் மீண்டு மறுபடியும் பலகைமுன் அமர்ந்தார். இதனை வீண்முயற்சியென எண்ணுவாருமுளர். நாம் அவ்வாறு எண்ணோம். அந்நிய மண்ணில் வாழ்ந்து பார்த்த வல்லுநர் அக்காலத்து யப்பானில் எத்துணைப் பேர்?

இனி அவர் வாழ்வின் தலையாய நிகழ்ச்சிக்கு வருவாம். ஹொனின்போ பட்டம் முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குலமுறையில் வழங்கிவந்தது. கடைசியாக அதனைத் தாங்கிய சூசாய் அதனைக் கோ கழகத்துக்குக் கையளித்தபின், போட்டியில் வென்றார்க்கே உரியதாயிற்று. 1945 இல் பட்டத்தை உடையவர் ஹசிமோத்தோ உத்தாரோ, அறைகூவியவர் இவாமோத்தோ. அவ்வாண்டு மே மாதத்து விமானத் தாக்குதலில் தோக்கியோவிலிருந்த கழகக் கட்டடம் எரிந்துபோயிற்று. இவாமோத்தோவின் இல்லமே கழகத்தின் அலுவலகமாயிற்று. போட்டி நின்றுவிடலாகாது என்று மூத்த வல்லுநர் செகோயே கென்சாக்கு தமது ஊர்ப்பக்கமாகிய ஹிரோசிமாவில் அதற்கு இடந்தேடிக் கொடுத்தார்.

முதலாட்டம் யூலை 23 முதல் 25 வரை ஹிரோசிமா நகரினுள்ளே நடந்தது. இவாமோத்தோ வென்றார். நகரில் ஆடுதல் ஆபத்தென்று பொலிஸ் தலைவர் தடுத்தமையால், இரண்டாம் ஆட்டத்தைப் புறநகராகிய இத்சுக்காயிச்சியில் ஓகஸ்ட் 4 இல் தொடங்கினர். மூன்றாம் நாள், 6 ஆம் திகதி காலை, முன்னிரு நாளும் வைத்த கற்களை மீண்டும் நிரைப்படுத்தியிருந்தனர். மணி எட்டேகால். வானத்தில் ஓர் ஒளி தோன்றிற்று. பின்னர்ப் பேரோசையும் பெருங்காற்றும் வந்தன. கண்ணாடிகள் நொறுங்கின, கற்கள் சிதறின, இவாமோத்தோ பலகைமேல் வீழ்ந்தார். சிதறிய அறையைத் துப்புரவு செய்து, நண்பகலுக்குப் பின் ஆட்டத்தைத் தொடர்ந்து, மாலையில் முடித்தனர். ஹசிமோத்தோ ஐந்து புள்ளிகளால் வென்றார். உயிர் தப்பினோர் நகரிலிருந்து அவ்வூருக்கு வந்தபோதே நிகழ்ந்தது இன்னதென்று ஒருவாறு தெரியலாயிற்று. முதலாட்டம் நடந்த வீடு அழிந்தது, வீட்டுக்காரரும் மாண்டார். செகோயே தம் மகனை இழந்தார்.

அத்தகைய நாளில் ஆட்டத்தைத் தொடர்ந்தது தகுமோ என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. ஆயின், வீழ்ந்தது அணுக்குண்டு என்பதை அந்நேரம் அவ்வீட்டிலிருந்தோர் அறிந்திலர். அப்படியொரு குண்டு உண்டென்பதையே உலகம் அறிந்திருக்கவில்லை. தொடங்கிய கடமையை முடித்தனர் என்பதே எமது துணிபு. கடமை முடிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதைக் கொண்டே அவரை மதிப்பிடல் வேண்டும். நகரினுள் ஆடியிருந்தால் தாம் இறந்திருத்தல் உறுதி என்பதை இவாமோத்தோ உணர்ந்தார். எஞ்சிய வாழ்நாளைக் கோ ஆட்டத்தின் வாயிலாக நாடுகளிடை நட்பு வளர்ப்பதற்கே அளிப்பதெனத் தீர்மானித்தார்.

போட்டி நவம்பரில் மூன்றுக்கு மூன்று எனச் சமனாக முடிந்து, 1946 இல் நடந்த முடிவாட்டங்களில் இவாமோத்தோ வென்று பட்டம் பெற்றார். 1947 இல் கித்தானி மினோருவை வென்று அதனைக் காத்து, 1950 இல் ஹசிமோத்தோவிடமே இழந்தார். 1948 இல் தொடங்கிய பத்தாட்டப் போட்டியில் ஈடிணையற்ற கோ செய்கென் அவரை எளிதில் வென்றார். அவர் அக்காலத்துத் தலைசிறந்த ஆட்டக்காரர் அல்லர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. 1967 இல் ஒன்பதாம் படி எய்தினார்.

ஆட்டம் மேனாட்டுக்குச் சென்றது அவருக்கு முன்னரே. ஒஸ்கார் கோர்செல்த் என்னும் ஜேர்மானிய இரசாயன அறிஞர் 1880களிலேயே தம் மொழியில் இதனை விளக்கி எழுதினார். 1930களில் அமெரிக்கக் கோ சங்கம் தோன்றிற்று. ஆனால் ஆர்வலர் வீடுகளிலும் தேநீர்க்கடைகளிலும் கூடிய சிறு கூட்டங்களே அவற்றின் உயிர். நல்ல பலகையும் கல்லும் கிடைப்பதே அரிது, கற்பிக்கும் ஆசிரியர் அதனினும் அரியர். இக்குறையை நீக்கவே இவாமோத்தோ அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் பலமுறை சென்றார். புதிதாய்க் கற்பார்க்கென அவர் செய்த நூல் 1970களில் ஆங்கிலத்தில் வெளியாகி, பல்லாண்டு பலர்க்கு முதல்நூலாயிற்று. தாம் பட்டம் வென்ற ஆட்டங்களை விரித்துரைப்பதை விட்டு, முதற்கல்லை எங்ஙனம் வைப்பது என்பதைப் பொறுமையோடு கூறிய அச்செயலை, ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

1983 இல் ஓய்வுபெற்றார். பின்னர்த் தோக்கியோவில் தமக்குரியதாயிருந்த கோ ஆட்ட நிலையத்தை விற்று, 53 கோடி யென்னைக் கழகத்துக்கு வழங்கி, வெளிநாடுகளிற் கோ பரப்புதற்கென அறநிதியம் ஒன்றை ஏற்படுத்தினார். அந்நிதியால் பிறேசிலிற் சாவோ போலோவிலும், ஒல்லாந்தில் அம்ஸ்தர்தாமுக்கு அணித்தான அம்ஸ்தெல்வீனிலும், அமெரிக்காவில் நியூயோர்க், சியாற்றில் நகரங்களிலும் கோ நிலையங்கள் எழுந்தன. கோப்பி நட்டுக் கைவிட்டு வந்த நாட்டிலும் ஒன்று அமைந்ததை நாம் குறிப்பாக நோக்குகின்றோம். எல்லாம் ஒருபடித்தாக நிலைத்தன என்று சொல்லவியலாது. நியூயோர்க்கிலிருந்தது பிற்காலத்தில் மூடப்பட்டது. கட்டடம் வாங்குதல் ஒருநாட் செயல். ஆண்டுதோறும் அதனை நடத்துதல் உள்ளூரவர் தலைமேலது.

இவாமோத்தோ கவோரு 1999 நவம்பர் 29 இல், 97 ஆம் வயதிற் காலமானார். அதன்பின்னரும் பல்லாண்டுகள் அம்ஸ்தெல்வீன் நிலையத்தில் ஒல்லாந்துச் சிறுவர் கூடிக் கற்றனர். பிறநாட்டார் வந்து போட்டியிட்டனர்.