நம்மவர் கடனைத் தம் கடனாக்கிய நாவலர்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரை நாம் பெரும்பாலும் பாதிரிமாரை எதிர்த்து நின்றவராகவே நினைவுகூருகின்றோம். ஆண்டுதோறும் கார்த்திகை மகத்தில் குருபூசை நிகழும்போது மேடைகளில் நாம் கேட்பதும் அதுவே. அது பொய்யன்று, ஆனால் பாதி வரலாறே. மற்றப் பாதியைக் கேட்பதற்கு நமக்குச் சற்று மனத்திண்மை வேண்டும். யாழ்ப்பாணத்திற் சைவம் தளர்ந்தமைக்குச் சைவருடைய சோம்பலும் அறியாமையும் பெருங்காரணம் என்று கண்டவர் அவர். கண்டதோடு அமையாது, அதனைச் சீர்செய்யும் பொறுப்பைப் பிறர் தலையிற் சுமத்தாமல் தாமே ஏற்றுக்கொண்டவர்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் பயின்றார். ஆங்கிலம் கற்றது, இன்று மத்திய கல்லூரியாக விளங்கும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். கற்ற அவ்விடத்திலேயே ஆசிரியருமானார். அதிபர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவரைத் துணையாகக் கொண்டார்.

மிஷன் பாடசாலைகளிற் படித்த நம்போன்றோர் இவ்விடத்திற் சற்றே நின்று சிந்தித்தல் தகும். திருநீறணிந்த சைவ இளைஞர் ஒருவருக்குத் தம் நம்பிக்கைக்குப் புறம்பான நூலை மொழிபெயர்க்கும் வேலை வாய்க்கின்றது. நம்மிற் பலர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேலையை அரைமனத்தோடு முடித்திருப்போம். அவரோ ஏற்ற பணியைப் பழுதறச் செய்தார். அம்மொழிபெயர்ப்பு சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மகாலிங்கையர் என்னும் வித்துவானின் பாராட்டைப் பெற்றதென அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். பாதிரிமாரின் விடாமுயற்சியையும் அவர் அருகிருந்து கண்டார். பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம், சிறு புத்தகங்கள் என்னும் நான்கையும் அவர்கள் கையாண்ட திறம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. அவர்கள் தம் சமயத்துக்காக இவ்வளவு பாடுபடும்போது சைவர் யாது செய்தனர் என்னும் வினா அங்கேதான் அவருள்ளத்தில் முளைத்திருத்தல் வேண்டும்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. பின்னர் வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. அடுத்த ஆண்டில் மிஷன் பாடசாலை உத்தியோகத்தைத் துறந்தார். ஒருவர் சம்பளத்தை உண்டுகொண்டே அவருக்கெதிராக நெடுங்காலம் உழைப்பது அவருக்கு ஒவ்வாதாயிற்று. 1848ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. பல ஆண்டுகளாக அதற்கு அரசாங்க உதவி கிடையாது. வீடுகளிற் பிடியரிசி சேர்த்தும், செல்வர்களை நாடிச் சென்றும் அதனை நடத்தினார். இல்லறம் புகாது தம் காலம் முழுவதையும் இப்பணிக்கே அளித்தார்.

பாடசாலைக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். 1849ஆம் ஆண்டில் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் கிடைத்தது அப்பயணத்திலேதான். அச்சியந்திரத்துடன் மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்கள், பெரியபுராண வசனம், சைவ வினாவிடை முதலியன அடுத்தடுத்து வெளிவந்தன.

பழைய நூல்களை அவர் பதிப்பித்த முறையே நாம் பெரிதும் வியப்பது. ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; ரகரமும் காலும் வேறுபாடின்றி இருக்கும்; எகரம் ஏகாரம் என்னும் பேதமும் தெரியாது. சொற்கள் இடைவெளியின்றித் தொடரும். எழுதுவோன் ஓரெழுத்திற் பிழைத்தால் அந்த ஓர் ஏடே பிழைபடும். அச்சிலே பிழைத்தால் நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒருங்கே பிழைபடும். இதனை உணர்ந்தவர் நாவலர். பல ஏடுகளை ஒப்புநோக்கி, பாடந் தெளிந்து, அச்சுத்தாள்களைத் தாமே மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்தினார். படிப்போர் பொருள் மயங்காதிருக்க மேனாட்டு நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்துட் புகுத்தினார். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவோடு வெளிவந்த திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்பு இவ்வுழைப்புக்குச் சான்று. நூலின் முகப்பிலே தம் ஊரையும் பெயரையும் பொறித்து, பரிசோதித்தவர் தாமே என அறிவித்தார். நூலிற் பிழை காண்போர் அச்சுக்கோப்பவரையோ ஏடு தந்தவரையோ நோக வேண்டியதில்லை. யாரைக் கேட்கவேண்டும் என்பது முகப்பிலேயே இருந்தது.

பிற சமயத்தார் செய்த சைவ நிந்தைக்கு 1854ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரம் எழுதி மறுப்புரைத்தவர், 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலிலே தம்மவரையே நோக்கினார். கோயில் அதிகாரிகளின் ஒழுங்கீனம், குருமாரின் கல்வியின்மை, செல்வரின் அலட்சியம் யாவற்றையும் மூடாது எடுத்துரைத்தார். தாம் பிறந்த நல்லூரின் கந்தசுவாமி கோயில் நிருவாகமும் அவருடைய கண்டனத்துக்குத் தப்பவில்லை. இதனால் அவர் தேடிக்கொண்ட பகை சிறிதன்று. பாதிரிமாரை எதிர்த்தபோது பின்னால் நின்ற ஊரவரிற் பலர் இப்போது முகங்கோணினர். ஆயினும் அவர் எல்லாவற்றிலும் நமக்கு வழிகாட்டி என்று கூறுதல் நேர்மையாகாது. சாதி பற்றி அவர் கொண்ட கொள்கை இன்று நாம் ஏற்கத் தக்கதன்று. பிறர் குறையை மூடாதவரின் குறையை நாம் மட்டும் மூடுதல் எங்ஙனம் பொருந்தும்?

அவர் தொடங்கியவை எல்லாம் நிலைத்தன எனவுஞ் சொல்லவியலாது. 1864ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நிறுவிய வித்தியாசாலை நிலைத்தது. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமலே ஆங்கிலங் கற்கவேண்டும் என்று 1872ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் ஆரம்பித்த ஆங்கிலப் பாடசாலையோ பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வாட்டின. சமயப் பிரசாரகருக்கு இதில் என்ன வேலை என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். பணந் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். அரசாங்க ஏசண்டராயிருந்த துவைனந்துரையின் ஆட்சியிற் கண்ட குறைகளையும் அஞ்சாது வெளியிட்டார். 1879ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதி தெரிவாக வேண்டியிருந்தபோது, இளைஞரான பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து நின்றார்.

அவ்வாண்டு டிசம்பர் 5ஆந் திகதி அவர் சிவபதமடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைவதற்குப் பதின்மூன்று நாட்களே இருந்தன. யந்திரசாலைப் பணியைச் சதாசிவப்பிள்ளை தொடர்ந்து நடத்தினார். 1888ஆம் ஆண்டிலே சைவ பரிபாலன சபை தோன்றிற்று. நாவலர் பொருளின்றி மூடிய ஆங்கிலப் பாடசாலையின் குறையை நீக்குவாராய், அச்சபையார் 1890ஆம் ஆண்டில் இந்துக் கல்லூரியைத் தம் பொறுப்பில் ஏற்று வண்ணார்பண்ணையில் நடத்தலாயினர்.