பேய் தந்த வரமல்ல; விரல் தேய்ந்த உழைப்பு!

நள்ளிரவு நேரம். நாற்சந்தி. கையிலே கிட்டாருடன் ஒரு கறுப்பின இளைஞன். எதிரே பேய்! தன் ஆவியை விற்கிறான். இசை வித்தையை வாங்குகிறான். அமெரிக்காவின் புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனைப் பற்றி இப்படி ஒரு கதை உலகமெங்கும் உலவுகிறது. பாமரர் மட்டுமா சொன்னார்கள்? படித்தவரும் சொன்னார்கள்; பத்திரிகைகளும் பரப்பின. நாம் கேட்கிறோம்: பேய்க்குக் கொடுக்கும் பெருமையை, பாடுபட்டவனுக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

அவர் பிறந்தது 1911-இல், மிசிசிப்பி மாநிலத்து ஹேசல்ஹர்ஸ்ட் எனும் சிற்றூரில். தாய் ஜூலியாவின் கணவர், சொந்த நிலமும் தச்சுத் தொழிலும் வைத்துத் தலைநிமிர்ந்து வாழ்ந்த கறுப்பர். அது பொறுக்குமா வெள்ளை நிலக்காரர்களுக்கு? தகராறு முற்றியது, கொலைவெறிக் கும்பல் திரண்டது, அவர் ஊரைவிட்டே ஓடினார், பெயரையும் மாற்றிக்கொண்டார். அதன்பின் நோவா ஜான்சன் எனும் தொழிலாளிக்கும் ஜூலியாவுக்கும் பிறந்தவர்தான் ராபர்ட்.

வளர்ந்தது பருத்தி விளையும் டெல்டாப் பகுதியில். அங்கே கறுப்பின மக்கள் வாரக்குடிகள். விளைந்ததில் பாதி நிலக்காரனுக்கு. மீதிப் பாதியிலே விதைக் கடன், உணவுக் கடன், பண்ணைக் கடைக் கடன். கணக்கெழுதுபவனும் நிலக்காரனே! ஆண்டு முடிவில் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன். அந்த வயல்களின் வியர்வையிலும் வேதனையிலும் விளைந்த பாட்டுத்தான் புளூஸ்.

1930-இல் ராபர்ட்டின் இளம் மனைவி வர்ஜினியா பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் பிழைக்கவில்லை. வயது பதினாறுதான் அவளுக்கு! ராபர்ட் கிட்டாரைப் பற்றிக்கொண்டார். சன் ஹவுஸ் முதலான மூத்த கலைஞர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில், அவர்களுடைய கிட்டாரை எடுத்து வாசிப்பார். காது புளித்தது கூட்டத்துக்கு, கேலி பேசினர்.

ஊரைவிட்டு மறைந்தார். இரண்டு ஆண்டளவில் திரும்பி வந்து வாசித்தார். கேலி பேசியவர்கள் வாயடைத்து நின்றனர். பெருவிரல் ஒருபுறம் தாளக்கட்டை நடத்த, மற்ற விரல்கள் மறுபுறம் பண் இசைக்க, ஒருவர் வாசிப்பதா இருவர் வாசிப்பதா என்று திகைக்க வைத்த வாசிப்பு! அப்போது முளைத்தது பேய்க்கதை. உண்மையில் அதே கதை டாமி ஜான்சன் எனும் வேறொரு பாடகரைப் பற்றி முன்பே வழங்கியதுதான்.

இடையில் நடந்தது என்ன? ஐக் சிம்மர்மன் எனும் கிட்டார்க்காரரின் வீட்டில் தங்கினார் ராபர்ட். இரவு நேரத்தில் இருவரும் இடுகாட்டுக்குப் போய், கல்லறைமேல் அமர்ந்து வாசித்தனர். பேயைத் தேடியா போனார்கள்? இல்லை! தூங்குவோருக்குத் தொந்தரவில்லாமல் பழக வேறு இடமில்லை. இதுதான் அந்த மந்திரம்! இதுதான் அந்த மாயம்!

1936-இல் சான் அன்டோனியோ நகரிலும், 1937-இல் டல்லஸ் நகரிலும் 29 பாடல்களைப் பதிவு செய்தார். பதிவின்போது கையில் கொடுத்த காசோடு சரி. விற்பனையில் பங்கு அவருக்கு இல்லை. 1938 ஆகஸ்ட் 16-ஆம் நாள், கிரீன்வுட் ஊரின் அருகே மாண்டார். வயது 27. நஞ்சு வைத்தார்கள் என்று ஊர் பேசியது. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், மருத்துவர் இல்லை என்ற குறிப்பே உள்ளது. அடக்கம் செய்யப் பெட்டி கொடுத்தது மாவட்ட நிர்வாகம்.

அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க் கார்னகி அரங்கில் பாட வைக்க அவரைத் தேடினார் ஜான் ஹாமண்ட். ஆள் இல்லை, அவருடைய இசைத்தட்டுத்தான் மேடையில் பாடியது. 1961-இல் அப்பாடல்கள் புதுத் தொகுப்பாக வந்தன. எரிக் கிளாப்டன் போன்ற இங்கிலாந்து இளைஞர்கள் அவரை ஆசானாகவே கொண்டனர். 1990-இல் வந்த முழுத் தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அவருக்கு ஒரு மகன் இருந்தான், 1931-இல் பிறந்தவன். வளர்த்த தாத்தா பாட்டி, புளூஸ் பேயின் பாட்டு என்று நம்பியவர்கள். மகனைக் காண வந்த தகப்பனை வாசலிலேயே நிறுத்தினர். சிறுவன் கதவருகே நின்று பார்த்ததோடு சரி. பேய் நம்பிக்கை பெற்றவனையும் பிள்ளையையும் பிரித்தது! சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்த அந்த மகனே வாரிசு என்று 2000-இல் மிசிசிப்பி உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. தகப்பனின் உழைப்புக்குரிய பணம், அறுபது ஆண்டு கழித்து மகனின் கைக்கு வந்தது.

பணத்தில் நீதி கிடைத்துவிட்டது. பெயரில் கிடைக்கவில்லை, இன்றும் நாற்சந்தியைக் காட்டிக் கதை சொல்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்கும் இடத்திலெல்லாம், இடுகாட்டு இருளில் இரவெல்லாம் விரல் நோகப் பழகிய ஓர் ஏழை இளைஞனை நினைவூட்டுவது நம் கடமை. பாடுபட்டவனுக்கே பாராட்டு!