எளிய இல்லம் சமைத்த இர்விங் கில்

அரண்மனையும் கோபுரமும் எழுப்பினோரை உலகம் எளிதில் மறப்பதில்லை. எளியோர் குடியிருக்கும் சிறு வீட்டைத் தம் கலைக்குரிய பொருளாகக் கொண்டோர் மிகச் சிலர். அவரை உலகம் நினைப்பதும் அரிது. அத்தகையோருள் ஒருவரே அமெரிக்க நாட்டுக் கட்டடக் கலைஞர் இர்விங் கில் என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கில் 1870-ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்து டல்லி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் கட்டடக் கலையைக் கல்லூரியிற் கற்றாரல்லர், தொழிலிலிருந்தே கற்றார். சிகாகோ நகரில் லூயி ஸல்லிவன் என்னும் பெருங்கலைஞரின் அலுவலகத்திற் சில காலம் பணிபுரிந்தார். பின்னர் உடல்நலங் குன்றவே, 1893-ல் கலிபோர்னியாவின் தென்கோடியில் பசிபிக் கடலோரத்துள்ள ஸான் டியேகோ நகரை அடைந்தார்.

அப்பகுதியில் ஸ்பானியப் பாதிரிமார் முற்காலத்து எழுப்பிய மண்சுவர்க் கோயில்கள் உண்டு. அவற்றின் தடித்த வெண்சுவர்களும் வளைவுகளும் கில்லின் உள்ளத்தைக் கவர்ந்தன. சித்திர வேலையின்றியும் கட்டடம் அழகுறும் என அவர் தெளிந்தார். வீட்டில் உழைப்போரின் துன்பமும் அவர் கருத்தை விட்டு நீங்கவில்லை. சுவரும் தரையும் கூடுமிடத்தை மூலையின்றி வளைத்தமைத்தார். கதவுகளைச் செதுக்கலின்றிச் சமதளமாக்கினார். தூசி தங்க இடமில்லையேல் துடைக்கும் உழைப்பும் குறையுமன்றோ?

செலவைக் குறைக்கவும் அவர் வழி தேடினார். 1912-ல் ஒரு புதிய முறைக்குரிய கருவிகளை விலைக்கு வாங்கினார். சாய்ந்த மேடைமீது இருப்புக் கம்பி பரப்பி, கதவு சன்னற் சட்டங்களையும் பொருத்தி, காங்கிரீட் வார்த்து, அது இறுகியபின் சுவர் முழுவதையும் ஒருங்கே தூக்கி நிறுத்துவதே அம்முறை. லா ஹோயா கடற்கரையில் 1914-ல் எழுந்த மாதர் சங்க மண்டபம் இவ்வாறு அமைந்ததே.

ஆயினும் எளியோர்க்கென அவர் எண்ணியவை எளிதிற் கைகூடவில்லை. 1910-ல் மலையடிவாரத்துச் சியாரா மாட்ரே என்னுமூரில், கூலியாளர்க்கெனப் பொதுத் தோட்டத்தைச் சூழ்ந்த சிறு வீடுகளை அமைத்தார். அவை இனிதாயிருக்கக் கண்ட உரிமையாளர் வாடகையை உயர்த்தவே, வசதியுள்ளோரே அங்குக் குடியேறினர். டாரன்ஸ் என்னும் தொழில் நகரிலோ, அலங்கார வேலை குறைந்தால் தம் பிழைப்புக் கெடும் எனத் தொழிலாளர் சங்கத்தார் எதிர்த்தனர். அங்கு அவர் கருதிய வீடுகளில் வெகு சிலவே எழுந்தன. இரு திறத்தார்க்கும் தத்தம் நியாயம் இருந்திருக்கலாம். இழப்பு, அவ்வீடுகளில் வாழ்ந்திருக்கக் கூடிய எளியோர்க்கே.

1919-ல் ஸான்டா மானிகா நகரின் ஓஷன் பார்க் பகுதியில், கடற்கரைக்கு அண்மையில், ஹொரேஷியோ வெஸ்ட் கோர்ட் என்னும் சிறு குடியிருப்பை வகுத்தார். இடுங்கிய நிலத்தில் வீடுகளை அடுத்தடுத்து நிறுத்தியும், மேல்மாடியில் அகன்ற சன்னல்களால் ஒளியும் காற்றும் நிறையச் செய்தார்.

அதன்பின் மக்கள் விருப்பம் அலங்காரக் கட்டடங்களை நாடியது. கில்லுக்கு வேலை அருகியது. தம் இறுதி நாட்களில், நீர்த்தேக்கம் அமைக்கும் பொருட்டு இருப்பிடம் இழந்த பழங்குடியினர்க்காகப் பரோனா என்னுமிடத்தில் வீடுகள் வகுத்தார். 1936-ஆம் ஆண்டு அக்டோபரிற் காலமானார்.

1960-ல் எஸ்தர் மக்காய் என்னும் அம்மையார் தம் நூலில் எழுதிய பின்னரே கில்லின் பெருமை பலர்க்கும் புலனாயிற்று. அப்போதும் 1970-ல் அவருடைய சிறந்த படைப்பாகிய டாட்ஜ் மாளிகை இடிக்கப்பட்டது. செல்வர்க்கெனக் கட்டிய அம்மாளிகை மறைய, சிதைந்து கிடந்து பின்னர்ச் செப்பனிடப்பட்ட கடலோரச் சிறு குடியிருப்போ, 1977-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்ந்தது.

கலையறிவும் தொழிலறிவும் பெற்று வெளியேறும் நாம், அவ்வறிவால் யாருடைய உழைப்புக் குறையும் என ஒருகால் எண்ணுதல் நலம். கில் தம் வாழ்நாள் முழுதும் எண்ணியது அதுவே.