மெட்ஃபோர்டின் பள்ளங்கள்

துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றபடி வெளியேறினால்தான் குறி தப்பாது. அந்தப் பள்ளங்களே கதியென்று கிடந்தவர் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு.

1824-இல் இங்கிலாந்தின் டாண்டனில் பிறந்தவர்; ரயில்பாதைப் பொறியாளர். 1857-இல் வேலைக்காக முங்கேர் வந்த நேரம், சிப்பாய்க் கலகம். ஆங்கிலேயரின் தற்காப்பு ஏற்பாடுகளில் உழைத்து, உடல் கெட்டு, அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார். பிறகு துப்பாக்கிதான்.

அன்றைய கருமருந்து ஒவ்வொரு வேட்டுக்கும் குழலில் கரியை அப்பிவிடும். ஆழமான பள்ளங்களில் அது அடைந்துகொண்டு குறியைக் கெடுக்கும். மெட்ஃபோர்டு ஆழத்தைக் குறைத்தார், விளிம்புகளை மழுக்கினார், குண்டைக் கடினமாக்கினார். 1888-இல் லீ என்பவரின் தோட்டா ஏற்றும் பொறியோடு இவர் குழலையும் சேர்த்து, லீ-மெட்ஃபோர்டு என்று பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது.

மூன்றே வருடம். 1891-இல் மருந்து மாறியது. கார்டைட்டில் பாதிக்கு மேல் நைட்ரோகிளிசரின். கரி குறைவு, சூடு பயங்கரம். குழலுக்கு மசகாகட்டும் என்று வாசலின்கூடச் சேர்த்திருந்தார்கள்! கொதிவாயு எஃகை அரித்தது. ஏற்கனவே மேலோட்டமான பள்ளம். சற்றுத் தேய்ந்தாலே குண்டுக்குப் பிடியில்லை, இலக்கில் சிதறும்.

மென்பொருள்காரனான எனக்கு இது பழகிய கதை. நிரலில் ஒரு வரி மாறியிருக்காது, இயங்குதளம் மாறியிருக்கும். அவர் கணக்கைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை.

1895-இல் என்ஃபீல்டு ஆலை ஆழமான ஐந்து பள்ளங்களை வெட்டியது. துப்பாக்கி லீ-என்ஃபீல்டு ஆயிற்று. பெயர் போன நான்காம் வருடம், 1899 அக்டோபரில், மெட்ஃபோர்டு பிரிஸ்டலில் காலமானார்.