ரோலர் கோஸ்டருக்குக் காவல் தந்த ஜான் மில்லர்

விண்ணைத் தொடுவதுபோல் ஏறி, மறுகணமே பாதாளத்தில் பாய்வதுபோல் இறங்கும் ரோலர் கோஸ்டரை அறியாத மாணவர் இன்று இலர். ஏறும்போது அலறுகிறோம், இறங்கியதும் சிரிக்கிறோம். உயிரோடு இறங்கிச் சிரிப்பதற்கு யார் காரணம் என்று மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. கேளிக்கைப் பூங்காத் தொழிலில் உள்ளோர் இன்றும் போற்றும் அப்பெரியார்தான் ஜான் மில்லர்.

அவர் 1872-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். 1884-இல் கோனி தீவில் ஐந்து சென்ட் கட்டணத்தில் மக்களைச் சறுக்கு வண்டியில் ஏற்றிப் புகழ்பெற்ற லாமார்கஸ் தாம்சனிடம் இளமையிலேயே வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றார்.

அக்கால வண்டிகள் மேட்டில் ஏறும்போது சங்கிலி அறுந்தால் பின்னோக்கி உருண்டுவிடும். இதைத் தடுக்க மில்லர் 1910-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கொக்கி அமைப்பைக் கண்டார். வண்டி ஏறஏறக் கொக்கி பற்களில் விழுந்து பற்றிக்கொள்ளும். இன்றும் மேடேறும்போது நாம் கேட்கும் ‘டக் டக்’ ஓசை அத்தகைய கொக்கியின் ஓசைதான்.

அதனினும் பெரியது 1919-இல் அவர் காப்புரிமை பெற்ற அடிச்சக்கரம். மேட்டின் உச்சியில் வேகம் ஓர் அளவைத் தாண்டினால், புவியீர்ப்பு மட்டும் வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கப் போதாது என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தைப் பொருத்தினார். வண்டி மேலே எழும்ப வழியில்லாமற் போயிற்று. செங்குத்தான இறக்கங்கள் அதன் பிறகே பெருகின.

நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற அவர், பொருளாதாரப் பெருமந்தத்தில் பூங்காக்கள் பல மூடப்பட்டதையும் கண்டு, 1941-இல் ஹூஸ்டன் நகரில் மறைந்தார்.

அவர் படைப்புகள் சில நூறாண்டு கண்டுவிட்டன. பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் பூங்காவில் 1920-இல் அமைத்த ஜாக் ராபிட் அவற்றுள் ஒன்று. மரத்தால் ஆன அதில் உளுத்த பலகை நீக்கப்படும்; தேய்ந்த சக்கரம் மாற்றப்படும்; வடிவம் மட்டும் நிலைக்கும். மெம்பிஸ் நகரில் ஓடிய அவருடைய சிப்பின் பிப்பினோ வேறு விதம். அதை அதே வடிவில் புதிதாகக் கட்டி 2011-இல் கிரீன் பே நகரில் ஓட்டினார்கள்.

பழைய ரோலர் கோஸ்டரை வைத்துக்கொள்வதா, அகற்றிவிட்டுப் புதியது வாங்குவதா என்ற கேள்வி நம் நாட்டுப் பூங்காக்களுக்கும் உண்டு. புதியது என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் சோதனை ஓட்டத்திலேயே ஒரு புதிய ராட்டினம் சரிந்து, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. என் தந்தையார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டியவர். நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் அந்த இயந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டைப் பறித்துக்கொண்டது. பழைய இயந்திரம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கிளட்சினுள் தேய்ந்துபோன ஒரு சிறு சாவியே காரணம் என்றும், அதை மாற்றித் தரும்படி தாம் பலமுறை கேட்டிருந்ததாகவும் அப்பா இன்றும் சொல்வார். மில்லரைப் பற்றிப் படித்த அன்று அந்தச் சாவிதான் என் நினைவில் நின்றது.

ஆகவே, ஓர் இயந்திரத்தின் வயதை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. தேய்ந்ததை மாற்ற உதிரிப் பாகமும், நாள்தோறும் சோதிக்க ஆளும் உள்ளவரை பழையதைக் காக்கலாம். அவை இல்லையெனில் எத்துணைப் புகழ்பெற்றதாயினும் நிறுத்திவிட வேண்டும். மனித உயிரினும் மேலான பழம்பெருமை இல்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை இப்பகுதியின் ஆலைகளுக்குள் மேற்பார்வையாளராய் நுழைவோம். அன்று ஒரு தொழிலாளி சிறு சாவி ஒன்றை மாற்றச் சொல்லி வந்து நிற்பார். அவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்போமாக. அதுவே மில்லருக்கு நாம் செய்யும் சிறந்த அஞ்சலி.